இலவசமாகக் கிடைத்த திருவிதாங்கூர்

2008 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் மகள் வீட்டில் இருந்தாள். நான்காம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்தார் என்று அவள் சொன்ன அன்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குள் சீருடையைக் கண்டாலே வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். நானே வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறேன் என்று மஸ்கட்டில் இருந்த கணவரிடம் போனில் சொல்லிவிட்டேன். எதையும் ஆற அமர யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அவருக்கு உண்டு. அடுத்த மே மாதம் லீவில் நான் வருவதற்கு முன்னால் என் அண்ணன் ஒருநாள் வந்து பிள்ளையிடம் கேள்வி கேட்கட்டும், அண்ணனுக்குத் திருப்தி என்றால் தொடரலாம், இல்லையென்றால் திரும்பவும் பள்ளிக்கூடம்தான் என்றார். அவருடைய அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன்; அரசுப் பள்ளி ஆசிரியர், மண்டைக்காட்டில் வீடு.

பாடப்புத்தகத்தையே வைத்து நடத்தலாம் என்றால், அந்த அட்டையைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வெளிறிப் போனது. தூக்கிப் பரணில் போட்டேன். வேறு புத்தகங்களுக்கு எங்கே போவது? இராஜாக்கமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் அன்றைக்கு இன்டர்நெட் கிடையாது. சனிக்கிழமை ஆனால் டவுன் பஸ் பிடித்து நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பஸ்ஸில் பார்க்கிறவர்களெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடலியா என்று கேட்பார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இலவசம் என்று போட்டிருப்பதெல்லாம் இலவசம் இல்லை என்பதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. சிலது பார்க்கத்தான், எடுக்க அனுமதி இல்லை. சிலதை எடுக்கலாம், விற்கக்கூடாது. சிலதில் ஆக்கியவர் பெயரைச் சொன்னால் போதும், நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். நான் முதலில் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசிப்பேன், பிறகுதான் பாடத்தை. சென்டர் நடத்தியவருக்கு இது பெரிய வேடிக்கை. யாரு வந்து கேக்கப் போறா, எல்லாத்தையும் இறக்குங்க என்பார். திருட்டுப் பாடம் படித்துப் பிள்ளை என்ன ஆவாள் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அப்படியொரு பிடிவாதம்.

மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள கணக்குத் தாள்களில் எல்லாம் பனிமனிதர்கள் நின்றார்கள். மகள் அவற்றை அடித்துவிட்டு எங்கள் ஊர்க் காட்டுப் பலாவான அயனிச் சக்கையை வரைந்தாள். அடியில் ஆக்கியவர் பெயரையும் எழுதினாள். எங்கோ இருக்கிற அந்த மனுஷி நம் சக்கையைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டுச் சிரித்தாள். அந்த வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

நான்தான் அடங்கவில்லை. ஒன்றைப் பாதி படிப்பதற்குள் அதைவிட நல்லது இன்னொன்று இருக்கும் என்று தோன்றிவிடும். இறக்கு, அச்செடு, அடுத்தது. வீட்டில் தாள் குவிந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களின் இணையதளம் ஒன்றில் சிறுவர் பூகோளம் ஒன்று அகப்பட்டது. தமிழில் இருந்தது. புரட்டினால் பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் நாட்டு வயல், கன்னியாகுமரிக் கடல். மாதக்கணக்காகப் பனியையே பார்த்த கண்ணுக்கு நம்ம ஊர் தெரிந்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. முழுக்க அச்செடுத்து, தைத்து, பிள்ளை கையில் கொடுத்தேன். அதை நான் வாசிக்கவில்லை. அடுத்ததைத் தேடப் போய்விட்டேன்.

அவள் அதைத் தின்று தீர்த்தாள். மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து பசுவுக்கு வாசித்துக் காட்டுவாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். கணக்குக் கேட்டார், போட்டாள். இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னார், திக்கித் திக்கி வாசித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கடைசியாக, நம்ம நாட்டைப் பத்தி எதாவது சொல்லு மக்ளே என்றார். மகளின் முகம் மலர்ந்தது. நமது நாடு திருவிதாங்கூர், அதன் தலைநகர் திருவனந்தபுரம், மகாராஜா செங்கோல் செலுத்தி வருகிறார் என்று தட்டுத் தடுமாறி முழுசாகச் சொல்லி முடித்தாள். அப்போ சென்னை என்று கேட்டார். அது வெள்ளைக்காரர்களுடைய மாகாணம் என்றாள். வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் நாங்கள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். அவளுக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை.

அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நம்ம ஜில்லா திருவிதாங்கூர விட்டுத் தமிழ்நாட்டோட சேரணும்னு எங்க அப்பா போலீஸ்கிட்ட அடி வாங்கினாரு. இவ ஒரே பேச்சுல திருப்பிக் குடுத்துட்டா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "குடுக்கதுக்கு முன்னால நீ வாசிச்சுப் பாக்கலியா?"

நான் வாய் திறந்தேன். அது வந்து, பழைய புத்தகம், உரிமை, என்று ஐந்து வார்த்தை வந்தது. ஆறாவது வரவில்லை. அவர் மறுபடியும் சிரித்தார். டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன். பாலைப் பொங்கவிட்டேன். டீயைக் குடித்துவிட்டு, தம்பியிடம் சொல்லிவிடுகிறேன், ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுதான் பிள்ளைக்கு நல்லது என்றார். அதை அன்பாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் தலை மறைந்ததும் தாள்களை எல்லாம் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக வெளியான வருடம் பார்க்க ஆரம்பித்தேன். பழசானால்தான் உரிமை முடியும், உரிமை முடிந்ததால்தான் அது கைக்கு வந்தது. பொடி எழுத்தை விடாமல் வாசித்தவளுக்கு இது உறைக்கவில்லை. பிள்ளையைச் சிரிப்பிலிருந்து காப்பாற்ற வீட்டில் வைத்தேன், சிரிப்பை நானே வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டேன். இனி அவள் வாயே திறக்கமாட்டாள் என்று பயந்தேன். கணவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா கேட்டப்போ உனக்கும் பேச்சு வரல்லல்லாம்மா," என்றாள்.

நான் அடுத்த தாளை எடுத்து வருடம் தேடினேன்.

"பெரியப்பா சிரிச்சாவ. நீ போய் டீ போட்டே. குடிச்சிட்டுப் போயிட்டாவ. அவ்வளவுதானே."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. இடையில் புகுந்து முடித்துவைக்கிற என் வழக்கத்தை அன்று அடக்கிக்கொண்டேன். தான் ஜூனில் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகவும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றும் அடுத்துச் சொன்னாள்.

அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நீ போய்விட்டால் இவ்வளவையும் நான் என்ன செய்ய என்று தரையைக் காட்டிக் கேட்டேன்.

அவள் ஒரு கை தாளை அள்ளி என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ படிச்சு வையிம்மா. சாயங்காலம் வந்து நான் கேள்வி கேக்கேன்."