விரிசல் தைத்த நாற்காலி

ராயபுரம் மீன் சந்தைச் சுவரில் வரைந்திருந்த நாற்காலிக்கு வெள்ளையடிக்கச் சொன்ன அதிகாரி, அதை ஒருமுறைகூட நின்று பார்த்தவரில்லை. நான் பார்த்தேன், வலை பழுதுபார்க்கும் ஒரு பெரியவரோடு. உப்பில் வெடித்த விரல்கள், காதில் பீடி. முதல் நாள் நிஜ நாற்காலி என்று நினைத்து, இழுத்துப்போடக் கை நீட்டினாராம். சிவப்பு பிளாஸ்டிக். விரிசலை எங்கள் வீடுகளில் தைப்பதுபோலவே வலை நூலால் தைத்ததாக வரைந்திருந்தது. தினமும் அதற்கு எதிரில்தான் உட்காருவார்.

“அதுல இன்னா கீது மாமா?” என்றேன்.

“முடிச்சைப் பாரு நைனா. அசல் வலை முடிச்சு. வரைஞ்சவன் இது மாரி சேர்ல குந்திக்கீறான்.”

வெள்ளையடித்த பிறகு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

அழிக்கச் சொன்னவருக்குப் படம் கலீஜாக, அசிங்கமாக இருந்ததாம். அதிகாரி சந்தைக்கு வரட்டும். பெரியவர் முகத்தைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சொல்லட்டும்: அதில் எது கலீஜ்?