தாரில் வெந்த கால்

சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குத் தார் போட்ட வருஷம் துரைமார்களுக்கு ஒரே கொண்டாட்டம். புழுதி ஒழிந்தது, மோட்டார் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்று மெச்சிக்கொண்டார்கள். மெச்சியவர்கள் எல்லார் காலிலும் சப்பாத்து இருந்தது. வெறுங்காலோடு நடக்கிறவனை யாரும் கேட்கவில்லை.

காலை பத்து மணி வரைக்கும் அந்தத் தார் நல்ல பிள்ளையாக இருக்கும். அப்புறம் இளகும். பதினொரு மணிக்கு மாட்டுவண்டிச் சக்கரம் பதியும். உச்சி வேளையில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு விடாது. பிய்த்து எடுத்தால் தோலும் கூடவே வரும். கடைகளுக்கு முன்னால் நிழலாக அஞ்சடி அகல நடைபாதை இருக்கத்தான் இருந்தது. அதில் முதலாளிமார்கள் மூட்டையும் பீப்பாயும் அடுக்கியிருந்தார்கள். நடக்கிறவனுக்கு வெயில்தான் மிச்சம்.

நான் ஒரு கப்பல் ஆபீஸில் பியூன். அந்த ரோட்டில் நாளெல்லாம் கடுதாசி சுமப்பதுதான் வேலை. வீட்டில் மனைவி இரண்டு மாதக் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அவள் எழுந்து நடந்தால் போதும், ஐப்பசியில் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். காப்புக் கட்டியவன் செருப்புப் போடக் கூடாது, பெண்ணைத் தொடக் கூடாது. சுத்தமாக இருந்தவனை நெருப்புச் சுடாது. சுட்டால் அவனிடம் குற்றம். எங்கள் ஜனங்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. எனக்கும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் நடந்தேன். திருவிழாவுக்கு முந்தின நாள் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். காட்டினால் தீக்குழியில் இறங்க விட மாட்டார்கள் என்று பயந்து, தேங்காயெண்ணெய் போட்டுத் தாரைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மடையன்.

மறுநாள் தணலில் ஓடிக் கடந்தேன். சத்தியமாகச் சுடவில்லை. தணலைத் தாண்டியதும் கால் நனைக்கும் பால்குழியிலிருந்து ஏறும்போது பின்னால் நின்ற அண்டைவீட்டுப் பெண்கள் என் காலைப் பார்த்துவிட்டார்கள்.

“அய்யய்யோ, சுட்டுருச்சே!”

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது.

மூன்றாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றதும் கேட்டாள்:

“யாருங்க அவ?”

“ஆத்தா மேல சத்தியமா ரோட்டுத் தார் சுட்டது புள்ள.”

“ரோடு எங்கயாச்சும் சுடுமா?”

நாங்கள் குடியிருந்த சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அப்போது செம்மண்தான். தார்ச்சாலையை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் ரிக்‌ஷாவில் உட்காரவைத்து உச்சி வேளையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது.

போய்ச் சேர்ந்தபோது தார் கல்லாக இறுகிக் கிடந்தது. அவள் இறங்கினாள். வெறுங்காலை ஊன்றி நின்றாள்.

“சில்லுன்னுதானே இருக்கு.”

“வெயில் அடிக்கட்டும், இன்னொரு நாள் வருவோம்” என்றேன்.

“போதுங்க” என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் பக்கம் பார்க்கவில்லை.