விசிலின் இடப்பக்கம்

பல் செட் செய்பவரின் மேசைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக மனிதர்கள் வாயாக மட்டுமே வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனையிலிருந்து, வாயை அளவெடுத்த மாவு அச்சு வரும். கூடவே ஒரு சீட்டு. அதில் எண், பல்லின் நிறம், முடித்துத் தர வேண்டிய தேதி. வேலை முடிந்ததும் செட்டை டப்பாவில் வைத்துத் திருப்பி அனுப்புவார். அதைப் போட்டுக்கொண்டவர் சிரித்தாரா, சிணுங்கினாரா என்பது அவருக்குத் தெரியாது.

"ஊர்ல பாதிப் பேரோட பல்லு உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் மூஞ்சியாவது தெரியுமா?" என்று மனைவி கேலி செய்வதுண்டு.

"பல்லு சரியா இருந்தா மூஞ்சி தானா சரியாயிடும்" என்பார் இவர்.

அந்த நம்பிக்கையை அசைத்தது 418ஆம் எண் சீட்டு. மேல்தாடைக்கான முழு செட். முதல் முறை திரும்பி வந்தபோது மருத்துவமனையின் குறுஞ்செய்தி, 'லூசாக இருக்கிறதாம்' என்றது. இறுக்கினார். அடுத்த வாரம், 'ஈறு வலிக்கிறதாம்.' தேய்த்தார். பிறகு, 'மறுபடியும் லூசாம்.' அச்சில் பொருத்திப் பார்த்தார்; மயிரிழை இடைவெளிகூட இல்லை. நான்காவது செய்தியை டாக்டரே எழுதியிருந்தார்: 'மனிதர் பாவம், பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஓய்வு பெறுமுன் அவர் நடத்தும் கடைசிக் கால்பந்துப் போட்டி இந்தச் சனிக்கிழமை. செட் நிற்காவிட்டால் மைதானத்தில் இறங்கமாட்டேன் என்கிறார்.'

'எப்போது லூசாகிறது?' என்று தட்டச்சு செய்யத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே நடந்தார்.

பந்துகள் வைக்கும் அறையில் பி.டி. மாஸ்டர் கைக்குட்டையால் வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் எழுந்தார்.

"வாங்க சார், வாங்க. உங்களத் திட்டாத நாளே இல்ல."

"நேர்லயே திட்டுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

செட்டைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் திட்டினார். செட் அசையவில்லை. பிஸ்கட் கடித்தார், உரக்கச் சிரித்தார். அப்போதும் அசையவில்லை.

"பின்ன எப்பதான் சார் கழண்டுக்குது?"

"கிரவுண்டுல. அதுவும் பசங்க முன்னாடி! போன மாசம் பந்துக்குப் பக்கத்துலயே போய் விழுந்துச்சு. ஒரு வாண்டு வந்து, 'சார், இது பவுலா கோலா?'ன்னு கேக்குது."

பல் செட் செய்பவர் விழுந்து விழுந்து சிரித்தார். நிமிரும்போதுதான் மாஸ்டரின் கழுத்தில் தொங்கிய விசில் கண்ணில் பட்டது. அதன் வாய்ப்பகுதியில், இடப்பக்கம் மட்டும் பல் பதிந்து பதிந்து குழியாகியிருந்தது.

"இத இந்தப் பக்கமாவா கடிப்பீங்க?"

"முப்பது வருஷமா. கை ரெண்டும் சும்மா இருக்கணும்ல?"

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அவர் என்ன சாப்பிடுறீங்கன்னுதானே கேட்டார். விசில் என்ன சாப்பாடா சார்?"

இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் தூக்கிக்கொள்ளும். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டு போய், இடப்பக்கப் பற்களின் உயரத்தைச் சற்றுக் குறைத்து, மறுநாள் தாமே வந்து பொருத்தினார்.

"பாதி வேலை என்னுது, மீதி உங்களுது. இனிமே விசில நடுவுல வச்சு உதட்டால புடிங்க."

"ரிட்டையர் ஆகுற வயசுல விசில் ஊதக் கத்துக்கணுமா?"

"முடியலைன்னா சொல்லுங்க, பக்கத்துல நின்னு நான் ஊதுறேன்."

சனிக்கிழமை பல் செட் செய்பவர் மனைவியோடு மைதானத்துக்குப் போனார்.

"ஏங்க, பந்து அந்தப் பக்கம் போகுது" என்று மனைவி இரண்டு முறை இடித்துச் சொன்னார். இவர் பார்வை மாஸ்டரின் வாயை விட்டு நகரவில்லை. முதல் விசில், பவுலுக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று, கடைசியாக ஒரு நீண்ட விசில். செட் இருந்த இடத்தில் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் வியர்வையோடு இவர்களை நோக்கி வந்தார். கையில் கைக்குட்டை இல்லை.

"இவர்தானா உங்க நானூத்திப் பதினெட்டு?" என்றார் மனைவி.

மாஸ்டர் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

திங்கட்கிழமை 431ஆம் எண் சீட்டு வந்தது. பல் செட் செய்பவர் அச்சைப் பிரிக்குமுன் டாக்டரை அழைத்தார்.

"இவங்க என்ன வேலை பாக்குறாங்க டாக்டர்? நான் எப்ப வந்து பாக்கலாம்?"