மோட்டார் ரூம் சுவரில் ஒரு பதில்

வாழை விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்கு என் மனைவி தன் இணையதளத்தில் பதில் எழுதுவாள். அவள் இறந்து இரண்டு வருடம் கழித்து, அதன் மென்பொருளை யாரையும் கேட்காமல் நானே புதுப்பித்தேன். முகப்பில் அவள் படம் சரியாகத் தெரிந்தது. அந்த நிம்மதியில் பழைய பிரதியை அழித்துவிட்டேன்.

மறுநாள் முசிறியிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "அம்மா எழுதுனதெல்லாம் வெறும் கேள்விக்குறியா இருக்குங்க."

திறந்து பார்த்தேன். எழுத்துகளைச் சேமிக்கும் குறியாக்கம் மாறியதில் ஒரு தமிழ் எழுத்துகூட மிஞ்சவில்லை. என் அவசரம்தான் காரணம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு எழுதுனதைப் பிரிண்ட் எடுத்து மோட்டார் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கேங்க" என்றவர், அதைப் படம் பிடித்து அனுப்பினார். வாடல் நோய்க்கு என்ன செய்வது என்று விளக்கிவிட்டு, கடைசியில் எழுதியிருந்தாள்: "குலை தள்ளியதும் மறக்காமல் சொல்லுங்கள்."

அந்தப் பதில் முழுவதையும் தட்டச்சு செய்து ஏற்றிவிட்டு அவரை அழைத்தேன். "அப்ப குலை தள்ளுச்சாங்க?"

"நல்லாவே தள்ளுச்சுங்க. அம்மாகிட்டதான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் சொன்னதை அவள் பதிலுக்குக் கீழே சேர்த்தேன். யார் எழுதினாலும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவாள். அன்று முழுக்க நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை.