பத்தைப் போட்டுப் பார்த்த சின்னம்மா

எங்கள் வீட்டில் பத்தாம் தரம் வரை பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது சொல்லும்போதும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. பதினைந்து வயதில் எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வருடம் இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு வகுப்பில் நான்தான் முதலாவது. அடுத்தவளைவிட இரண்டு புள்ளிதான் கூட. ஆனால் பரிசளிப்பு விழாவில் மேடையேற அந்த இரண்டு புள்ளி போதும். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றே எங்கள் ஊர் வங்காலை முழுவதற்கும் செய்தி சொல்லிவிட்டார்.

அந்தப் பரீட்சையில் ஒரு கணக்கு. தொகுதி x² − 9, பகுதி x − 3, சுருக்கச் சொல்லியிருந்தது. நான் x²ஐ x ஆல் வெட்டினேன், x வந்தது. ஒன்பதை மூன்றால் வெட்டினேன், மூன்று வந்தது. இரண்டு கழித்தல் குறியும் சேர்ந்து கூட்டல் ஆனது. விடை x + 3. மூன்று புள்ளியும் முழுதாகக் கிடைத்தது. ரீச்சர் கரும்பலகையில் அடைப்புக்குறியெல்லாம் போட்டு நாலு வரியில் செய்ததை நான் ஒரே வரியில் முடித்திருந்தேன்.

இந்த வித்தையைத்தான் சின்னம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர் அவர். பிறகு தானாகவே படித்துச் சாதாரணதரப் பரீட்சை எழுதி, கணிதத்தைத் தவிர எல்லாம் சித்தியடைந்துவிட்டார். கோயில் முன்பள்ளியில் ரீச்சர் வேலை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. மார்கழிப் பரீட்சையில் கணிதமும் வந்துவிட்டால் வேலை அவருக்கு. வராவிட்டால் பழையபடி நண்டு வலைதான்.

பின்னேரங்களில் கடற்கரையில் வலை வைக்கிற வாடியின் நிழலில் சின்னம்மா வலையிலிருந்து நண்டு கழற்றுவார். நான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து படிப்பிப்பேன். அவருடைய புதுக் கொப்பியின் முதல் தாளில் 'இலகு வழி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கணக்கைச் செய்து காட்டி, கீழே என் பெயரையும் போட்டேன்.

"இது எப்பவும் சரிவருமோ, பிள்ளை?"

"ரீச்சரே முழுப் புள்ளி தந்தவ. பாருங்கோ." பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினேன்.

சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "x எண்டா எந்த இலக்கமும் போடலாம் எண்டனீ. அப்ப பத்தைப் போட்டுப் பாப்பம்." மேலே தொண்ணூற்றொன்று, கீழே ஏழு. பிரித்தால் பதின்மூன்று. x + 3ம் பதின்மூன்று. எனக்கு வெற்றிச் சிரிப்பு. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நண்டு வாங்க வாறவரின்ர தராசும் ஒரு கிலோ சீனிப் பக்கற்றுக்குச் சரியாத்தான் காட்டும். அஞ்சு கிலோ ஏத்தினாத்தான் அதின்ர குணம் தெரியும்" என்று சொல்லி, புத்தகத்தில் வேறொரு கணக்கைத் தொட்டார். மேலே x² + 5x + 6, கீழே x + 3.

நான் சளைக்கவில்லை. x²ஐ x ஆல் வெட்டி, ஆறை மூன்றால் வெட்டி, நடுவில் நின்ற 5x ஐயும் சேர்த்து 6x + 2 என்றேன். சின்னம்மா பத்தைப் போட்டார். என் விடை அறுபத்திரண்டு. உண்மையில் வரவேண்டியது பன்னிரண்டு.

"பத்து இதுக்குச் சரிவராது, சின்னம்மா. வேற இலக்கம் போடோணும்."

ஐந்தைப் போட்டார். என்னுடையது முப்பத்திரண்டு, வரவேண்டியது ஏழு.

"அடியேய், நூற்றி ஐம்பத்தாறு நண்டைப் பதின்மூண்டு பேருக்குப் பிரிச்சு ஆளுக்கு அறுபத்திரண்டு குடுக்கிறாய். உன்னோட கடலுக்குப் போனா நல்லா இருக்கும்!"

வழி பிழையென்றால் அந்த மூன்று புள்ளியும் பிழை. மூன்று போனால் நான் இரண்டாவது.

"நாளைக்கு உங்கட ரீச்சரிட்டக் கேப்பம்" என்றார்.

"வேண்டாம். அவவுக்கு நேரமில்லை."

சின்னம்மா பரீட்சைத் தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் சின்னம்மா நின்றார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். நண்டு கடித்த விரலில் மட்டும் துணி சுற்றியிருந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். ரீச்சர் கூப்பிட, உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன். சின்னம்மா கொப்பியை நீட்டினார். நேற்றைய கணக்கு அவருடைய கோணல் எழுத்தில், அதே பிழையோடு இருந்தது.

"நான்தான் இப்பிடி வெட்டிப்போட்டன், ரீச்சர். பிள்ளை ஒழுங்காத்தான் சொல்லித் தந்தது. என்ர மண்டையில ஏறேல்லை."

ரீச்சர் சிரித்தார். கூட்டிவைத்திருப்பதில் ஒரு துண்டை மட்டும் வெட்ட முடியாது என்றார். முதலில் காரணிப்படுத்த வேண்டும். மேலே இருப்பது (x + 2), (x + 3) இரண்டினதும் பெருக்கமாகிவிடும். கீழேயும் x + 3 முழுதாக நிற்கிறது, இப்போது அதை வெட்டலாம். மிச்சம் x + 2. சின்னம்மா உடனே பத்தைப் போட்டார். பன்னிரண்டு.

"அப்ப x² − 9 வந்தாலும் இப்பிடித்தானே, ரீச்சர்?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஓம், (x + 3), (x − 3) எண்டு பிரிச்சுப்போட்டுத்தான் வெட்டோணும்."

எல்லாம் ஏற்கனவே தெரிந்தவள்போல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "சின்னம்மாவுக்கே படிப்பிக்கிறீர், கெட்டிக்காரி" என்று ரீச்சர் முதுகில் தட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். பரிசையும் பிறகு வாங்கினேன், ஒரு கொம்பாஸ் பெட்டி. சின்னம்மா மார்கழியில் சித்தியடைந்து, தையில் முன்பள்ளிக்குப் போனார்.

ரீச்சரைப் பார்த்த அன்று வீட்டுக்கு நடக்கும்போது கொப்பியை நான்தான் தூக்கி வந்தேன். விரித்துப் பார்த்தபோது 'இலகு வழி' எழுதிய முதல் தாளைக் காணவில்லை. கிழித்த விளிம்பு மட்டும் இருந்தது.

"புதுக் கொப்பியை ஏன் கிழிச்சனீங்கள், சின்னம்மா?"

"அதில நண்டுத் தண்ணி பட்டுட்டுது, பிள்ளை."

அடுத்த தாள் நனையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், படிக்கிற ஒருவர் கொப்பியை இவ்வளவு கவனமில்லாமல் வைத்திருக்கலாமா என்று வழி நெடுக அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். சின்னம்மா "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நடந்தார்.