சூட்டில் எடுக்காத வண்டி

வெர்டெல் மூட்டோன் வண்டியைக் கிளப்பினால் வீடு திரும்பும்வரை இஞ்சினை அணைக்க மாட்டார். கலிஃபோர்னியாவில் எங்கள் சென்ட்ரல் அவென்யூ முடிதிருத்தும் கடை வாசலில் நிறுத்துவார். இஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் கையசைப்பார், போய்விடுவார். திமிர் என்றார்கள். காரணம் வேறு. குளிர்ந்த வண்டி விரல் பட்டதும் எடுக்கும். ஓடிச் சூடேறியபின் அணைத்தால் வெகுநேரத்துக்கு வெறும் இரும்புதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு அது. யாரோ கோழி அடைத்து வைத்திருந்த கொட்டகையிலிருந்து இழுத்து வந்தார். மனைவி எர்லீன் சிகாகோவுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு டயர் தொழிற்சாலை வேலை முடிந்தால் அவருக்கு அந்த வண்டிதான். மட்கார்டுகளைக் கழற்றினார், கூரையை எடுத்தார், பெரிய இஞ்சினை வைத்தார். வெளியே தெரியாத அடிச்சட்டத்துக்குக்கூடப் பூச்சின்மேல் பூச்சாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து முகம் பார்க்கும்படி தேய்த்தார்.

"குனிஞ்சு பாத்தாலும் ஒரு குறை சொல்லக் கூடாது" என்பார். யார் குனிந்து பார்ப்பார்கள் என்பதை அவர் சொன்னதில்லை. எங்கள் தெருவில் யாரும் கேட்டதுமில்லை.

மோஹாவி பாலைவனத்தில் வறண்டுபோன ஏரிப்படுகை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட ஹாட் ராட் வண்டிகளை அங்கே முழு வேகத்தில் விடுவார்கள். ஒரே ஒருமுறை தானும் விட வேண்டும் என்பதுதான் வெர்டெலின் ஆசை. போகும் வழியில் ஒரு ஊர். பொழுது சாய்ந்தபின் வெர்டெலைப் போன்ற கறுப்பர்கள் அங்கே இருக்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடந்தது.

அறுபத்தொன்றாம் வருடக் கோடையில் ஒரு ஞாயிறு முதல்முறை கிளம்பினார். அந்த ஊர் நடுத்தெருவில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"இஞ்சினை அணை."

"ஐயா, சூட்டுல அணைச்சா திரும்ப எடுக்காதுங்க. ஓடிட்டு இருக்கட்டுமே…"

"அணைன்னு சொன்னேன், பையா."

வெர்டெலுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அணைத்தார்.

"யாரு வண்டி இது? எங்க அடிச்ச?"

"என்னுதுங்க. நானே கட்டினது."

போலீஸ்காரர் சிரித்தார். உரிமத்தை முன்னும் பின்னும் புரட்டினார், வண்டியை நிதானமாகச் சுற்றி வந்தார். "சரி, கிளம்பு."

பொத்தானை அழுத்தினால் இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது.

"நான்தான் சொன்னேனேங்க…"

"அது உன் பாடு. இருட்டும்போது இங்க உன்னைப் பாத்தேன்னா அப்புறம் பேச்சே வேற."

ஒரு கை ஸ்டீயரிங்கில், தோள் கண்ணாடிச் சட்டத்தில். தனியாகவே அவர் அந்தத் தெரு முழுக்க வண்டியைத் தள்ளினார். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அன்று காலை தேவாலயத்துக்குப் போய் வந்தவர்கள். வெயில் தணிந்து வண்டி எடுத்தபோது, ஏரிப் பக்கம் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

அதன்பிறகு முடிதிருத்தும் கடையில் வைத்தியம் ஆரம்பமானது.

"பெட்ரோல் குழாய்லயே கொதிக்குது, மாப்ள. துணி காயப்போடுற மரக் கிளிப்பு வாங்கிக் குழாய் பூரா மாட்டு. சூட்டை இழுத்துரும்" என்றார் லான்ஸோ. வெர்டெலோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர், ஒரே நண்பர். கலிஃபோர்னியா முழுக்க இதை நம்பியது. எங்கள் தெரு ஒடேசா அக்கா தேவாலயத்து எண்ணெயைக் கொண்டுவந்து ரேடியேட்டரில் தடவி ஜெபித்தார்.

இரண்டும் பலித்தன. கிளிப்பு மாட்டி முடித்ததும் வண்டி எடுத்தது. ஜெபம் முடிந்ததும் எடுத்தது. ஒடேசா அக்காவின் ஜெபம் நீளமானது.

வெர்டெலுக்கு ஏதோ உறுத்தியது. ஒருநாள் வண்டியைச் சூடேற்றி அணைத்துவிட்டு, கிளிப்பும் எண்ணெயும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதே அளவு நேரம் கழித்து வண்டி தானாகவே எடுத்தது. ஆறியது இஞ்சின், பெயர் வாங்கியது கிளிப்பு. உலகத்தில் பாதி அற்புதங்கள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

"பெட்ரோல்தான் கோளாறுன்னா செல்ஃப் நல்லா சுத்தணுமே. இது ஏன் முனகுது?" என்று லான்ஸோவிடம் கேட்டார்.

"அத நீதான் அதுகிட்ட கேக்கணும். எனக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியும்."

வெர்டெல் கேட்டார். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியில், எர்த் போகும் பக்கத்தில் வைத்தார். மறுமுனையை இஞ்சின் உடம்பில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். முள் அசையவே கூடாது. எகிறியது. பேட்டரியின் பலத்தில் பெரும்பங்கு வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது. குளிர்ந்த இஞ்சின் லேசாகச் சுற்றும், மிச்சம் அதற்குப் போதும். சூட்டில் இறுகிய இஞ்சினுக்குப் போதவில்லை.

படுத்துக்கொண்டு, பேட்டரியை அடிச்சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினார். அடியில் பளபளவென்று அவருடைய கறுப்புப் பெயிண்ட். இரும்பை இரும்பு தொடாதபடி, மின்சாரம் பாயாதபடி, குறை சொல்ல வருகிறவர்களுக்காக அவரே பூசியது. உப்புத்தாளை எடுத்து வெற்று இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினார். இஞ்சினிலிருந்து பேட்டரிக்கு நேராக இன்னொரு தடித்த வயரும் போட்டார்.

சூட்டில் அணைத்தார். அழுத்தினார். எடுத்தது.

அடுத்த நாளே லான்ஸோ வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். கூட வா. இப்ப எங்க வேணா நிறுத்தலாம்."

லான்ஸோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வண்டி எடுக்கும், மாப்ள. எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்புறம் என்ன?"

"நிறுத்துறவன் நிறுத்திட்டுத்தானே இருப்பான்? அவனுக்கு எந்த வயரைப் போடுவ? எனக்கு மூணு புள்ளைங்கடா."

வெர்டெல் தனக்கு வைத்திருந்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனார். அந்த ஊரில் அதே போலீஸ்காரர், அதே கேள்விகள், அதே சிரிப்பு. அணைக்கச் சொன்னார், அணைத்தார். போகச் சொன்னதும் வண்டி ஒரே அழுத்தில் எடுத்தது. போலீஸ்காரருக்கு ஏமாற்றமாக இருந்ததா என்று வெர்டெல் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரியில் வரிசையை ஒழுங்குபடுத்திய வெள்ளைக்காரர் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். "உன் கூட வந்தவங்க எங்கய்யா? அந்தக் கடைசிக்குப் போய் நின்னுட்டா யாரு வந்து தள்ளுவா?"

"யாரும் வரலைங்க. அதுவா எடுக்கும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கொடியை இறக்கினார்.

வெர்டெல் முழு வேகத்தில் போனார். எவ்வளவு வேகம் என்று பின்னால் கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை. படுகையின் மறுகோடியில், மனிதர்கள் புள்ளியாகக்கூடத் தெரியாத தூரத்தில், வண்டி நின்றது. இஞ்சினை அணைத்தார். காற்று மட்டும் இருந்தது. பக்கத்து இருக்கையைத் துடைத்து வைத்திருந்தார், அதில் புழுதி படிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினார். எடுத்தது. மறுபடி அணைத்தார், மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு முறையும் எடுத்தது.

"எடுத்துருச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாராம். பிறகு வண்டியைத் திருப்பினார். பொழுது சாய்வதற்குள் அந்த ஊரைத் தாண்டியாக வேண்டும்.