குவானஹுவாத்தோவில் கண்ணாடிக்குள் இருந்த குழந்தை

எட்டாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. அப்போது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். பிரசவ அறையில் நர்ஸ், குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரிலிருந்து போனில் மாமியாரும் அதையேதான் சொல்லியிருந்தாராம், பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று. ஒரு போர்வைச் சுருள் கதவைத் தாண்டிப் போனதை மட்டும் பார்த்தேன்.

பிறகு அவர் ஆபீஸுக்குப் போனார். நான் வீட்டில் கிடந்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. கோயிலில் பார்த்த ஆன்ட்டிகள் எல்லாம் அடுத்தது சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் துணி துவைக்கும் இடத்தில் பழக்கமான மெக்ஸிகோக்காரி ஒருத்தி மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. தன் ஊரான குவானஹுவாத்தோவைப் பற்றியே பேசினாள். வெள்ளிச் சுரங்கத்தால் எழும்பிய பழைய நகரம், மலை முழுக்க வீடுகள், ஒரு முறை போய்விட்டு வா என்றாள். அதை அவரிடம் சொன்னேன்.

"போலாமே. உனக்கும் ஒரு சேஞ்சா இருக்கும்" என்றார்.

குவானஹுவாத்தோ அழகான ஊர்தான். மஞ்சளும் ரோஜாநிறமுமாக வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன. பாதித் தெருக்கள் மலைக்கடியில் சுரங்கப்பாதைக்குள் ஓடின. கணவர் கைடு புத்தகத்தைப் பிரித்த கையோடு முன்னால் நடந்தார். பெரிய இரும்புக் கூரைச் சந்தையில் வேகவைத்த சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார்கள். கறி போடாமல் கேட்டதற்கு ரொட்டிக்குள் சப்பாத்திக்கள்ளியை வதக்கி வைத்துத் தந்தார்கள். "நல்லா இருக்குல்ல?" என்று அவர் ஒவ்வொரு வாய்க்கும் கேட்டார். நல்லா இருக்கு என்றேன். எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை.

எதிரெதிர் மாடங்கள் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குறுகிய சந்து ஒன்று இருந்தது. அங்கே சிவப்புச் சாயம் பூசிய படியில் நின்று முத்தமிட்டுக்கொள்ளும் தம்பதிக்குச் சந்தோஷம் நிலைக்குமாம். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அவர் உதடு என் நெற்றியில் பட்டது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் மம்மி மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். அந்த ஊர்க் கல்லறையில் சில உடல்கள் மட்காமல் காய்ந்துபோய்விடும், அவற்றை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் அவர் படித்திருந்தார். உள்ளே குழந்தைகளும் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குழந்தை. பின்னல் தொப்பி, காலில் சாக்ஸ். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"வா, போலாம்" என்று என் முழங்கையைப் பிடித்தார்.

"இவ அம்மா இவளப் பாத்திருக்கா. தொப்பி போட்டு விட்டிருக்கா பாருங்க."

"ப்ளீஸ், வெளிய போலாம்."

"நம்ம பொண்ணுக்கு முடி இருந்திருக்குமா?"

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நிறைய இருந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"காரிடார்ல நர்ஸ் காமிச்சா. கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன்." அவர் முகம் கோணியது. "உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

வெளியே வெயிலில் ஒரு சுவரோரம் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. அன்று மாலை மலையுச்சிச் சிலைக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை. ஹோட்டல் அறையில் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கை நீட்டித் தொட்டிருக்கலாம். கை எழவில்லை.

ஃப்ரீமான்ட் திரும்பிய பிறகு கேட்டுக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது கேட்டேன், ஃப்ரீவேயில் அவர் கார் ஓட்டும்போது கேட்டேன். விரல்கள் நீளம் என்றார். தாடை அப்படியே உன்னுடையது என்றார். ஒருநாள் நிறம் மாநிறம் என்றார், இன்னொருநாள் சிவப்பு என்றார். எது உண்மை, எது எனக்காகச் சொன்னது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. பிறகு அவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

வேறு குழந்தை பிறக்கவில்லை. அவருடைய கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போய், புது வேலைக்காக நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேக்கு மாறினோம். புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நெடுநாள் கழித்து மறுபடி கேட்டேன், மூக்கு யாரைப் போல இருந்தது என்று.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். நிஜமாகவே யோசித்தார்.

"தெரியலம்மா. இப்ப எனக்கே முகம் ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார்.